ரோட்டுக்குக் குறுக்கே ஒரு குழாய்

அந்த ஊர் நகராட்சியில் ரோடு போடுவதற்கு ஒரு பிரிவு இருந்தது, போட்ட ரோட்டைத் தோண்டுவதற்கு இன்னொரு பிரிவு இருந்தது. ஊரார் அப்படித்தான் சொல்வார்கள். காகிதத்தில் முதலாவது சாலைப் பிரிவு, இரண்டாவது குடிநீர்ப் பிரிவு. இரண்டும் ஒரே மாடியில் எதிரெதிர் அறைகள். நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய நடைவழி. இந்த அறையில் பொறியாளராக மனைவி, அந்த அறையில் பொறியாளராகக் கணவர். ஊர் அவர்களை ரோட்டம்மா, குழாய் சார் என்று கூப்பிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கல்யாணமான முதல் வருஷம், ஒரு சாக்கடை மூடி ரோட்டைச் சேர்ந்ததா குழாயைச் சேர்ந்ததா என்று இருவருக்கும் தொடங்கிய சண்டை மூன்று நாள் ஓடியது. கடைசியில் இருவருக்கும் தொண்டை கட்டிப்போய், ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது; ஆபீஸில் வீட்டுப் பேச்சு கிடையாது. ஆபீஸில் சார், மேடம்தான். வீட்டில் யாராவது மீறினால் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். மகள் பிறந்து நாலு வார்த்தை பேசத் தொடங்கியதும் நடுவர் பதவியை அவளே எடுத்துக்கொண்டாள். அப்பா அம்மா என்று முகம் பார்க்க மாட்டாள். "ஆபீஸ்!" என்று விரலை நீட்டினால் நீட்டியதுதான், மேல்முறையீடு கிடையாது. இந்த ஏற்பாட்டால் வீட்டில் பதினொரு வருஷமாக அமைதி. ஊர்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஐந்து தெருவாக இருந்தது, கண் மூடித் திறப்பதற்குள் முப்பது தெருவாகிவிட்டது. வடக்கே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெறும் புல்வெளியாகக் கிடந்த இடத்தில் நூற்று நாற்பது வீடுகள் எழும்பிவிட்டன. வீடு கட்டியவர்கள் ஜன்னலுக்கு எந்த நிறம் என்று மாதக்கணக்கில் யோசித்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் நகராட்சியின் தலையில் போட்டுவிட்டார்கள். பெரிய குழாய் ரோட்டுக்குத் தெற்கே ஓடியது. வீடுகள் வடக்கே. அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை லாரித் தண்ணீர்.

அந்தக் குடியிருப்பில் முதல் வீடு ஒரு தையற்காரம்மாவுடையது. நாக்கும் ஊசி மாதிரிதான். நகராட்சிக்கு இதுவரை முப்பத்தொரு மனு எழுதியிருக்கிறாள். போன வருஷம் குறைகேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, "தார் காயறதுக்குள்ள தோண்டிடுறீங்களே, ஒரு வாரமாவது ரோட்டை ரோடா பாக்க விடுங்களேன்!" என்றாள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ரோட்டம்மாவுக்கு அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினொரு வருஷத்தில் அவள் போட்ட ரோடுகளில் ஒன்றுகூட முழுசாக ஓராண்டைப் பார்க்கவில்லை. வீம்பு பிறந்தது. நகர்மன்றத்தில் சண்டை போட்டு ஒரு தீர்மானம் வாங்கினாள்: புதிதாகத் தார் போட்ட ரோட்டை மூன்று வருஷத்துக்கு யாரும் தோண்டக் கூடாது, எந்தப் பிரிவானாலும் சரி.

அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு போடப்போகும் முதல் ரோடு இந்த வடக்கு ரோடு. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் வழி. வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாப் பிரிவுக்கும் சுற்றறிக்கை அனுப்பினாள்: ரோட்டுக்கு அடியில் ஏதாவது வேலை இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்லுங்கள். யாரும் மூச்சு விடவில்லை. ஜல்லி பரப்பி, உருட்டி, தயாராக வைத்துவிட்டாள்.

தார் போடும் நாள் காலை எட்டு மணிக்கு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனாள். ரோட்டின் குறுக்கே சுண்ணாம்புப் பொடியில் ஒரு கோடு. கோட்டின் நுனியில் அம்புக்குறி, அம்பின் வாலில் ஒரு சுழி. இந்த ஊரில் அம்புக்குறிக்குச் சுழி போடுகிற ஆள் ஒருவர்தான். அந்த ஆளோடுதான் அரை மணிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருந்தாள்.

போனை எடுத்தாள்.

"சார், வடக்கு ரோட்டுல ஒரு கோடு இருக்கு."

"ஆமா மேடம். நேத்து சாயங்காலம் நான்தான் போட்டேன். வடக்குக் குடியிருப்புக்குக் குழாய். திங்கக்கிழமை தோண்டுறோம்."

"இன்னிக்கு ஒரு மணிக்கு தார் வருது."

"எந்த ஒரு மணிக்கு?"

"எல்லாருக்கும் வர்ற ஒரு மணிதான்! கிளம்பி வாங்க!"

பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. குழாய் சாருக்கு ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"ஜல்லியோட நிறுத்தி வச்சிருந்தீங்களே மேடம், எனக்காகத்தான் காத்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? சுற்றறிக்கைக்கு பதிலே போடலையே நீங்க!"

"அப்போ குழாய் வந்து சேரலை. வந்து மூணு வாரம்தான் ஆச்சு. வந்த அன்னிக்கே சொல்ல வந்தேன். சாப்பிடும்போது வடக்கு ரோடுன்னு வாயெடுத்தேன், நம்ம பொண்ணு விரலை நீட்டிட்டா. ஒரு வாரம் பாத்திரம் தேச்சேனே, ஞாபகமில்லையா?"

ஞாபகம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் காலை நீட்டி உட்கார்ந்து, அவர் தேய்ப்பதைப் பார்த்து ரசித்திருக்கிறாள்.

"அப்புறம்?"

"மறுநாளே கடிதம் எழுதி அனுப்பிட்டேன்."

கடிதம் முறைப்படி ஆணையர் வழியாகத்தான் எதிர் அறைக்குப் போக வேண்டும். ஆணையர் ஒரு மாத விடுப்பில் இருந்தார். கடிதம் அவர் மேஜையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுதியாயிற்று, போய்ச் சேர்ந்திருக்கும் என்று குழாய் சார் இருந்துவிட்டார். சுற்றறிக்கைக்குப் பதில் வரவில்லை, வேலை இல்லை போலிருக்கிறது என்று ரோட்டம்மா இருந்துவிட்டாள். இடையில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருபத்தொரு நாள் தூங்கி எழுந்திருக்கிறார்கள்.

சத்தம் கேட்டு வடக்குக் குடியிருப்பு ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். தையற்காரம்மா கழுத்தில் அளவுநாடாவோடு முன்வரிசையில். விஷயம் புரிய அவளுக்கு நேரமாகவில்லை.

"அப்படீன்னா தார் போட்டுட்டா மூணு வருஷத்துக்கு எங்களுக்குக் குழாய் கிடையாது?"

ஆமாம் என்று ரோட்டம்மா தலையை ஆட்டினாள். தாரைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. தார்க் கலவை வெகுதூரத்திலிருந்து வருகிறது. முறை தவறினால் அடுத்த முறைக்கு மூன்று மாதம். அதற்குள் மழை வந்து ஜல்லியை அள்ளிக்கொண்டு போய்விடும், பள்ளிக்கூட பஸ் சேற்றில் மிதக்கும். தீர்மானத்தைத் தானே மீறினாலோ, நாளைக்கு டெலிபோன்காரர்கள், நாளை மறுநாள் மின்சாரக்காரர்கள் என்று ஊரே கடப்பாரையோடு வந்து நிற்கும். அவள் மணியைப் பார்த்தாள். எட்டே முக்கால்.

"தோண்டுங்க. இப்பவே. தார் வர்றதுக்குள்ள மூடிடணும்."

"நாலு மணி நேரத்துலயா?"

"உங்க ஆளுங்க தோண்டுறதுல கெட்டிக்காரங்கதானே. பதினொரு வருஷமாப் பாக்குறேனே!"

குழாய் சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவும் நல்லதற்குத்தான். பொக்லைன் வந்தது, குழாய்கள் வந்தன, ஆறு ஆட்கள் வந்தார்கள். நாலடி ஆழம், இரண்டடி அகலம், ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. குழாய் சார் தானே பள்ளத்தில் இறங்கி, இணைப்புகளைக் கைக்குழந்தையைத் தொடுவதுபோலத் தடவித் தடவிப் பார்த்தார். ரோட்டம்மா மேலே நின்று, "பக்கத்துலயே இன்னும் மூணு காலிக் குழாய் போடுங்க சார்" என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"ஒண்ணு டெலிபோனுக்கு, ஒண்ணு கரண்டுக்கு. மூணாவது, இன்னும் எவன் எதைக் கண்டுபிடிக்கப் போறானோ, அதுக்கு."

பத்தரைக்குக் குழாய்கள் படுத்தாயிற்று. மணலை நிரப்பத் தொடங்கியபோதுதான் உண்மையான சங்கடம் வந்தது. மண்ணைத் தோண்டி அவசரமாக மூடினால் அது உள்ளே பொலபொலவென்று நிற்கும். முதல் மழைக்கு, முதல் பஸ்ஸுக்கு, கோடு போட்டதுபோல ரோடு உள்ளே இறங்கிவிடும். மணலை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் ஊற்றி, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். தண்ணீருக்கு நகராட்சி லாரியைக் கூப்பிட்டாள். லாரி ஊரின் தெற்குக் கோடியில் டயர் கழற்றிப் போட்டு நின்றது.

குழாய் சார் நெற்றியைத் துடைத்தார். "காய்ஞ்ச மணலையே போட்டு நல்லா இடிச்சிடலாம் மேடம். பிடிச்சுக்கும்."

"பிடிக்காது. உங்களுக்கே தெரியும்."

"எவ்வளவு தண்ணி வேணும்?" என்று கேட்டது தையற்காரம்மா.

ரோட்டம்மா பதில் சொல்லத் தயங்கினாள். குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தது முந்தின நாள். அடுத்த லாரி மூன்று நாள் கழித்து. வீடுகளில் இருப்பது குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட எண்ணி வைத்த தண்ணீர். அதைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"சும்மா சொல்லும்மா."

"எழுபது, எண்பது குடம் ஆகும்க்கா."

தையற்காரம்மா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். சண்டைக்கு ஆள் திரட்டப் போகிறாள் என்றுதான் ரோட்டம்மா நினைத்தாள். திரும்பி வந்தவளின் இடுப்பில் நிறைகுடம். நேரே பள்ளத்தின் விளிம்புக்கு வந்து மணலில் சாய்த்தாள்.

"முப்பத்தொரு மனுவுக்கு நடக்காதது இந்த ஒரு குடத்துக்கு நடக்குதான்னு பாப்போம்" என்றாள். பின்னால் திரும்பி ஒரு அதட்டல் போட்டாள்: "என்ன வேடிக்கை? ஆளுக்கொரு குடம்! மூணு நாளைக்குத் துணி துவைக்கலைன்னா குடி முழுகிடாது!"

குடங்கள் வந்தன. வாளிகள் வந்தன. பால்காரர் பால் கேனில் கொண்டுவந்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஒரே வாளியை இரண்டு பேராகத் தூக்கி வந்து, பாதியை வழியிலேயே சிந்தியதால் நல்ல கிண்டல் வாங்கிக்கொண்டது. ஓர் அடுக்கு மணல், இருபது குடம், திமிசுக்கட்டை, மறுபடி மணல். மணல் கொர்ரென்று தண்ணீரைக் குடித்து இறங்கி இறுகியது. ரோட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள், யாரும் நம்பவில்லை.

பன்னிரண்டரைக்கு மேலே ஜல்லி போட்டு ரோலர்க்காரரைக் கூப்பிட்டாள். அவர் பேச்சு, நடை, எல்லாமே ரோலர் வேகம்தான். "ஆகட்டும்... பாக்கலாம்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தார் லாரியே வந்துவிட்டது. ஒன்று ஐந்து. லாரி டிரைவர் இறங்கி, "ஆறிப்போச்சுன்னா கல்லு ஆயிடும்மா, சீக்கிரம்!" என்று குதித்தார். ரோலர்க்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூடிய பள்ளத்தின்மேல் பன்னிரண்டு தடவை முன்னும் பின்னுமாகப் போய்வந்தார். ஒரு தடவைகூடக் குறைக்கவில்லை. அவருடைய நிதானத்துக்கு ரோட்டம்மா மனசுக்குள் கும்பிடு போட்டது அன்றுதான் முதல் தடவை.

சாயங்காலத்துக்குள் ரோடு கன்னங்கரேலென்று, புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி கிடந்தது.

பிறகு மழை வந்தது, நாலு நாள் விடாமல். பஸ் ஓடியது, செங்கல் லாரி ஓடியது. ரோட்டம்மா தினமும் காலையில் வந்து அந்த இடத்தில் குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். வடக்கே குழாய் சாரின் ஆட்கள் தெருத்தெருவாக இணைப்புக் கொடுத்துக்கொண்டே போனார்கள். நாற்பதாவது நாள் தண்ணீரைத் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. அன்றைக்குத்தான் அவளுக்குச் சரியான நடுக்கம். ரோட்டுக்கு அடியில் ஓர் இணைப்புக் கசிந்தாலும் போதும், தோண்டித்தான் ஆக வேண்டும். அவள் கேட்டு வாங்கிய தீர்மானத்தை அவள் புருஷனே உடைக்க வேண்டியிருக்கும்.

காலை பத்து மணிக்கு வால்வைத் திறந்தார்கள். குழாய் சார் தையற்காரம்மா வீட்டுக் குழாயடியில் நின்றார், ஊரே அவரைச் சுற்றி. ரோட்டம்மா மட்டும் ரோட்டின் நடுவே நின்றாள். பக்கத்தில் ரோலர்க்காரர் வண்டிகளை மறித்து நிறுத்திவைத்திருந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் அங்கே போகவில்லை என்றால் இங்கேதான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து தாரில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் தார் சுட்டது. ஈரம் தெரிகிறதா என்று கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனாள்.

அப்போது வடக்கே ஒரு பெரிய கூச்சல் கிளம்பியது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஜனங்கள் கூச்சல் போட்டால் அது அவளைத் திட்டுவதற்குத்தான். அதனால் இது எந்த மாதிரிக் கூச்சல் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எழுந்திருக்கவும் பயம். ரோலர்க்காரர் மறியலை அப்படியே போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினார்.

அவர் போன வழியிலிருந்து குழாய் சார் வேகமாக வந்தார். மூச்சு வாங்கியது. வந்ததும் வராததுமாக, "ரோடு எப்படி இருக்கு?" என்றார்.

"காஞ்சு கிடக்கு. ஒரு பொட்டு ஈரம் இல்லை." அவள் நிமிரவில்லை, கையையும் எடுக்கவில்லை. "தண்ணி வந்துச்சா?"

"என்னைப் பாத்தா தெரியலையா?"

நிமிர்ந்து பார்த்தாள். தலையிலிருந்து செருப்பு வரை தொப்பலாக நனைந்து நின்றார். சட்டைப் பை தண்ணீரால் தொங்கியது. குழாயின் வாயிலேயே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் வந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடியே போய்விட்டது. ரோட்டம்மா அப்படியே புது ரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, வயிறு வலிக்கும் வரை சிரித்தாள்.