ஏழாவது அசைவு

கண்களை உருட்டி முறைக்க வேண்டும். கட்டைவிரலை உள்ளே வைத்து இரண்டு கைகளையும் இறுக்கிப் பொத்தி, ஒவ்வொன்றாக முன்னால் குத்த வேண்டும். சீனாக்காரரின் மூச்சுப் பயிற்சியில் வரும் எட்டு அசைவுகளில் ஏழாவது இது. கிளிநொச்சியில் வலிப்பு கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லித்தரும் கிருசாந்தி மிஸ் என் முன்னால் வந்து நின்று, "சுதாஜினி அக்கா, உங்களைப் பாக்க எனக்கே பயமாக் கிடக்கு. ஆரை நினைச்சுக் குத்துறியள்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மச்சாளை நினைத்துத்தான் குத்தினேன். ஜெகதீஸ்வரி, என் புருசன் சிவகரனின் தமக்கை. நான் குசினியில் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்த வருடம், என்னைப் பார்க்கவென்று தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். சுட்ட காயம் ஆறிவிட்டது, அவர் போகவில்லை. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்பார்கள். மச்சாள் பாயைக் கேட்கவில்லை, அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பைக் கேட்டார். "சுதா எங்கயாவது போட்டிட்டு மறந்திடுவாள்" என்றார். சிவகரன் தலையாட்டினார். அன்றிலிருந்து வீட்டுத் திறப்புகள் எல்லாம் ஒரே வளையத்தில் மச்சாளின் இடுப்பில் தொங்கின.

பொய் சொல்லக் கூடாது, வலிப்போடு மறதியும் வந்தது, நான் மறந்தேன்தான். உலையை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் வராமல் வேலியடியில் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எது பிழையாகப் போனாலும் அது என் மறதியின் தலையில் போய் விழுந்தது. கோழிக்கூடு திறந்து கிடந்தால் நான். பால் பொங்கி வழிந்தால் நான். மச்சாளின் மூத்த மகள் மேனுகா கல்யாணத்தன்று என் அட்டியலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மணவறையில் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "நீதானே உன்ரை கையால குடுத்தனி, மறந்திட்டியே?" என்றார் மச்சாள். பக்கத்தில் நின்றவர்கள் என் பெரிய மனசைப் புகழ்ந்தார்கள். நான் சிரித்தேன். அட்டியல் போனதைக்கூட விட்டுவிடுவேன். அன்றைக்கு என்னைச் சிரிக்க வைத்ததை மட்டும் என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன்.

கிருசாந்தி மிஸ் ஆசை காட்டுகிறவள் அல்ல. "இது மருந்தில்லை, குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. மூச்சும் கையும் நினைப்பும் ஒண்டாப் போகப் பழகினா மறதி குறையுமோ எண்டு ஆராய்ச்சி செய்யினம். கட்டாயம் குறையும் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். "வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க விடுங்கோ. கையில இரும்பைக் குடுக்கிறதில ஒரு பிரியோசனமும் இல்லை." இதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை. எனக்கு வலிப்பு வந்தவுடன் மச்சாள் ஓடிவந்து இடுப்பிலிருந்து அந்தத் திறப்பு வளையத்தை உருவி என் கையில் திணிப்பார். இரும்பு பட்டால் வலிப்பு இறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நான் கண் விழித்ததும் "தா" என்பார். சொல்வழி கேட்கிற பிள்ளை போல என் கை தானாக விரியும். இத்தனை வருடமும் அப்படித்தான் விரிந்தது.

முதலில் எட்டு அசைவுகளின் ஒழுங்கே எனக்குப் பிடிபடவில்லை. விடியற்காலையில் கிணற்றடியில் நின்று பழகினேன். "விசரும் சேந்திட்டுது போல" என்று மச்சாள் குசினிக்குள் நின்று சொல்வது கேட்கும். ஒருநாள் அவர் போனில் கதைத்ததும் கேட்டது. இளைய மகளுக்குக் கல்யாணம் பொருந்தியிருந்தது. "காப்புச் சோடியையும் அவள்தான் தந்தவள் எண்டு சொன்னால் சரி. அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்றார். அந்தக் காப்பு என் அம்மாவுடையது. அம்மா விட்டுப்போனதில் மிஞ்சி அலுமாரிக்குள் இருந்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை முதல் அசைவுக்கு இரண்டு கைகளாலும் வானத்தைத் தாங்கிக்கொண்டு நின்றபோது அந்தப் பேச்சு ஒரு சொல் குறையாமல் என் தலைக்குள் இருந்தது. எட்டாவது அசைவில் குதிக்காலைத் தூக்கி நிலத்தில் போட்டபோதும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

சிவகரனிடம் சொல்லியிருக்கலாம். அவர் தமக்கையிடம் கேட்பார், மச்சாள் "கனவு கண்டிருப்பாள்" என்பார், அதோடு முடிந்துவிடும். அதனால் நான் ஒன்று செய்யத் தீர்மானித்தேன். வலிப்பு வந்ததுபோல விழுவேன். மச்சாள் தன் கையாலேயே திறப்பைத் தருவார். திரும்பக் கேட்டால் கொடுக்க மாட்டேன். அடுத்த கிளினிக் நாளுக்கு முன் என்று முடிவு செய்து, எங்கே எப்படி விழுவது என்று யோசித்துக்கொண்டே தேங்காய் துருவினேன்.

நடிக்கத் தேவை இருக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கூரைத் தகரம் தெரிந்தது. நாக்கில் இரத்தம் கரித்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியவில்லை. வாசலில் நின்ற ஆள் சிவகரன் என்று பிடிபடவே நேரமெடுத்தது. முகத்துக்கு முன்னால் ஒரு பொம்பிளையின் உள்ளங்கை நீண்டிருந்தது.

"சுதா, திறப்பைத் தா."

என் விரல்கள் விரியத் தொடங்கின. சுண்டுவிரல் விட்டது, மோதிரவிரலும் விட்டது. ஏன் விடக்கூடாது என்று எனக்கு நினைவில்லை, ஆனால் விடக்கூடாது என்பது மட்டும் எங்கோ இருந்தது. கட்டைவிரல் தானாக உள்ளே மடிந்தது. மற்ற நாலும் அதற்கு மேலே வந்து மூடின. அதன் பிறகுதான் அட்டியல் நினைவுக்கு வந்தது, மணவறை வந்தது, காப்பு வந்தது.

"அப்பவே தந்திட்டனே மச்சாள்" என்றேன். நாக்கு தடித்துச் சொல் குழறியது. "மறந்திட்டியளோ?"

என் கைக்கு வெளியே வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. சிவகரன் அதைப் பார்த்தார், பிறகு தமக்கையைப் பார்த்தார். மச்சாள் குனிந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக் கிளப்பப் பார்த்தார். நான் கண்ணை உருட்டி முறைத்தேன், கிணற்றடியில் தினமும் முறைப்பது போலவே. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"விடு அக்கா, அவளிட்டையே இருக்கட்டும்" என்றார் சிவகரன்.

மச்சாளின் கண் என் முகத்தை விட்டு அலுமாரிப் பக்கம் போனது. நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்கக் கால் இன்னும் வரவில்லை. திறப்பின் பற்கள் உள்ளங்கையில் குத்தின. இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.