வரைபடத்தில் இல்லாத உரல்

என்னைப் போல ஒரு மடைச்சி பராகுவே ஆற்றங்கரையில் இன்னொருத்தி இருக்க மாட்டாள். பெயர் மிர்த்தா. சோயாவை ஏற்றி உரத்தை இறக்கும் ஒரு சரக்குத் துறைக்கு, வேலைமுறையை அடியோடு மாற்றி வா என்று தலைநகரிலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் விபத்து நிற்க வேண்டும், படகுகள் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் துறையை மூடிவிட்டுச் சரக்கை வேறு இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். நூற்று நாற்பது குடும்பங்களின் சோறு அது.

முதல் பத்து நாள் யார் யாருக்கு என்ன தகவல் சொல்கிறார்கள் என்று சுவரளவு தாளில் வரைந்தேன். எடைமேடை, குதிர், கன்வேயர், கிரேன், படகு எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி. முதலாளிகள் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். வாசலோர மாமரத்தடியில் மூலிகை இடிக்கும் ஞா சிந்துல்ஃபா மட்டும் அந்தத் தாளில் இல்லை. வயதில் மூத்த பொம்பளையை எங்கள் ஊரில் ‘ஞா’ என்போம். சம்பளப் பட்டியலில் இல்லாதவள் எப்படி இருப்பாள்? இத்தனைக்கும் அந்தப் பத்து நாளும் அவளிடம் நின்று தெரெரே என்கிற மூலிகைக் குளிர்பானம் கலந்து வாங்கிக்கொண்டுதான் நானே உள்ளே போனேன். பிறந்ததிலிருந்து குடிக்கிறோம். அதையெல்லாம் யாராவது கட்டம் போட்டு வரைவார்களா?

காலையில் ஆட்கள் ஐஸ் தண்ணீர்க் குடுவையோடு வரிசையில் நிற்பார்கள். ஒருவன் வயிறு சரியில்லை என்பான், ஒருவன் மூட்டுவலி என்பான், ஒருவன் ஒன்றுமே சொல்லாமல் நிற்பான். அவள் முகத்தைப் பார்ப்பாள், இரண்டு இலை, ஒரு வேர் எடுத்து மர உரலில் நாலு இடி இடித்துக் குடுவையில் போடுவாள். ஆளுக்கு இத்தனை நிமிடம், மொத்தம் இத்தனை மணி நேரம் வீண் என்று நான் கணக்குப் போட்டேன். எல்லாருக்கும் புதுக் குடுவை, கூடவே பொட்டலத்தில் அடைத்த மூலிகைத் தூள் கொடுத்தேன். வாசலில் ஒரு தொடுதிரை வைத்தேன். வேலைக்கு ஏறுமுன் ‘நலம்’, ‘நலமில்லை’ இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். பாதுகாப்பு விதி என்று சொல்லி உரலை அப்புறப்படுத்தினேன்.

ஒருவர்கூட எதிர்க்கவில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. சரிங்க இன்ஜினியரம்மா என்றார்கள். மேஸ்திரி தோன் வில்ஃப்ரிதோ தொப்பியைக் கழற்றி, உரல் இருந்த வட்டத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரும் அதையே சொன்னார். இந்த மண்ணில் பிறந்தவள் நான், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள்!

திரை தினமும் பச்சையாகவே இருந்தது. நூற்று நாற்பது பேரும் நலம். ஆனால் மூன்று வாரத்துக்குள் கன்வேயர் பட்டை இரண்டு முறை கிழிந்தது, கம்பிவடம் அறுந்து ஒருவன் பாதம் மயிரிழையில் தப்பியது. நாற்பதாம் நாள், உரம் அள்ளும் கிரேனின் இரும்புக் கை படகின் விளிம்பில் வந்து இடித்தது. ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு முன்னால்தான் வில்ஃப்ரிதோ அங்கிருந்து நகர்ந்திருந்தார்.

கிரேன் ஓட்டிய எலாதியோ இறங்கி வந்து, தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் மகள் தலைநகர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், ஒரு வாரமாக அவன் கண் மூடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் அவனும் ‘நலம்’தான் அமுக்கியிருந்தான். அமுக்காவிட்டால் ஒரு நாள் கூலி போகுமே! நான் வில்ஃப்ரிதோ மேல் பாய்ந்தேன். இவனை எப்படி மேலே ஏற விட்டீர்கள் என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

“முன்னெல்லாம் ஞா சொல்லிரும். ‘இன்னிக்கு எலாதியோ தரையில இருக்கட்டும்’னு. அவ்வளவுதான். ஏன்னு நான் கேக்க மாட்டேன், அதுவும் சொல்லாது. எதையாவது சாக்குச் சொல்லி ஆளை மாத்திருவேன்.”

“எத்தனை வருஷமா?”

“பதினாறு வருஷமா, இன்ஜினியரம்மா.”

அறைக்குப் போய்ப் பழைய வேலைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். காலைதோறும் கிரேனுக்கு நேரே, சாரத்துக்கு நேரே ஒன்றிரண்டு பெயர் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. மேஸ்திரியின் எழுத்துப்பிழை என்று நான் சிரித்த பக்கங்கள் அவை. அடித்துத் திருத்திய ஒவ்வொரு பெயரும் அன்றைக்கு விழாமல் வீடு போன ஒரு ஆள். விழாமல் போனது அந்த ஆளுக்கே தெரியாது. பக்கம் புரட்டப் புரட்ட எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு மரத்தடி, ஒரு உரல், ஒரு பொம்பளை. என் சுவர் முழுக்க வரைந்த தாள் அவள் கால் தூசிக்குக் காணாது.

ஞா சிந்துல்ஃபாவைத் தேடிப் போனேன், நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் ஓரத்தில் உரலோடு உட்கார்ந்திருந்தாள். நான் வெட்கத்தை விட்டு மன்னிப்புக் கேட்டேன். சம்பளம் தருகிறேன், கையில் ஒரு திரை தருகிறேன், யார் எப்படி என்று அதில் பதிந்தால் போதும் என்றும் சொல்லித் தொலைத்தேன். பட்டும் புத்தி வரவில்லை எனக்கு.

அவள் இடிப்பதை நிறுத்தவில்லை.

“தங்கச்சி, அவங்க கம்பெனிகிட்டயா சொல்றாங்க? என்கிட்டகூட இல்ல, இந்த இலைகிட்ட சொல்றாங்க. நான் ஒரு வரி எழுதிட்டேன்னு வையி, மறுநாள் ஒருத்தன் வந்து நிக்க மாட்டான். எனக்கு அந்த மாமர நிழல் போதும்.”

மறுநாளே உரல் மாமரத்தடிக்குத் திரும்பியது. திரையைக் கழற்றிவிட்டேன். நான் கொடுத்த புதுக் குடுவைகளிலேயே ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து, நமட்டுச் சிரிப்போடு வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகு ஒரு கம்பிகூட அறுந்து விழவில்லை.

தொண்ணூறாம் நாள் முதலாளிகள் வந்தார்கள். துறை மூடப்படாது என்று அன்று காலையே சொல்லிவிட்டார்கள். குதிர் உச்சியிலிருந்து எல்லாவற்றையும் காட்டு என்றார்கள். எப்படிச் சாதித்தாய் என்று எழுதி வை, மற்ற நாலு துறையிலும் செய்யலாம் என்று நாலு நாள் முன்பே தகவல் வந்திருந்தது. எதை எழுதுவது? எழுதினால் அங்கேயும் உரலுக்குப் பக்கத்தில் ஒரு திரை முளைக்கும். நாலு ராத்திரியாகத் தூக்கமில்லாமல் இதே யோசனைதான். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. காலையில் ஞா சிந்துல்ஃபாவிடம், புதினா மட்டும் போதும் என்று சிரித்துக்கொண்டே குடுவையை நீட்டியிருந்தேன். உறிஞ்சினால் ஏதோ கசந்தது. அவசரத்தில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

குதிரின் வெளி ஏணியில் கால் வைத்தேன். வில்ஃப்ரிதோ குறுக்கே வந்து நின்றார்.

“நீங்க தரையில இருங்க, இன்ஜினியரம்மா. ஐயாமாரை நான் கூட்டிட்டுப் போறேன். கீழ எடைமேடையில ஏதோ கையெழுத்து வேணுமாம்.”

எடைமேடையில் எந்தக் கையெழுத்தும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஏணிக் கம்பியிலிருந்து கையை எடுத்து, எடைமேடைப் பக்கம் நடந்தேன். காலையில் கசந்தது நாக்கில் இன்னும் இருந்தது, புதினா மட்டும் கேட்டவளின் முகத்தையும் ஞா பார்த்திருந்தாள்.