வக்கீலின் டீசல் டிராக்டர்

மயிலாப்பூர் வக்கீல் கஸ்தூரிரங்கனுக்கு அடையாற்றில் கழனி இருந்ததே தவிர, அவர் நெல் எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்கிற ரகம். அந்த மகானுபாவர்தான் ஏலத்தில் ஒரு கிழட்டு டிராக்டரை வாங்கிப் போட்டார். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் முடியவில்லை. வண்டி கொட்டகையில் கிடந்து துருப்பிடித்தது. கழனியைக் குத்தகைக்கு உழுத வடிவேலுவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு குளிர்ந்தது.

குளிர்ச்சி நீடிக்கவில்லை. பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று கழித்த படகு ஒன்றின் டீசல் என்ஜினை வக்கீல் எங்கிருந்தோ பிடித்து வந்தார். பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டும்படி மெக்கானிக் ஷரஃபுதீனிடம் ஒப்படைத்தார்.

"இது ஓடித்துன்னா உன் மாடும் வேண்டாம், நீயும் வேண்டாம். தை பொறந்ததும் கழனியை விட்டுடு" என்றார் வடிவேலுவிடம்.

"ஓடலன்னா இன்னா சாமி?"

"ஓடலேன்னா நீயே உழுதுண்டு கெட. நான் வாக்கு மாற மாட்டேன்."

ஷரஃபுதீன் கெட்டிக்காரர்தான், அவரே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்ஜினைப் பூட்டி முடித்ததும் ஒரு நடை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். வக்கீல் பதறிப் போனார்.

"நல்ல வேளைக்கு முன்னாடி சக்கரம் அங்குலம் நகரப்படாது, பாய்."

"சரி சாமி. நம்ம கை பட்டு ஓடாத வண்டி இன்னும் பொறக்கல."

ஒரு பெரிய மனுஷருக்கு இன்னொருவர் சளைத்தவரில்லை.

குறித்த வெள்ளிக்கிழமை காலையில் கழனி மேட்டில் பந்தல் போட்டார்கள். பஞ்சகச்சமும் கோட்டுமாக வக்கீலின் சிநேகிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். வடிவேலு ஓரமாக நின்று, இந்தச் சனியன் ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

ஷரஃபுதீன் முதல் கியரைப் போட்டார். டிராக்டர் பின்பக்கமாகப் புறப்பட்டது. பதற்றத்தில் அடுத்த கியரைத் தட்டினார். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போய்ப் பந்தல் காலைச் சாய்த்தது. படகு என்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றும் ஜாதி. இரண்டு மேதைகளில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் கிடக்க, கோட்டுக்காரர்கள் கச்சத்தைப் பிடித்துக்கொண்டு சேற்றில் குதித்தார்கள்.

கழனி பிழைத்தது என்று வடிவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தான்.

"சாமி, வண்டி மயிலாப்பூருக்கே திரும்பிப் போய்க்கினு கீது."

சேற்றில் நின்ற கோட்டுக்காரர்களுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வக்கீலின் முகம் கறுத்தது.

"வண்டி ஓடலே, ஒத்துக்கறேன்" என்றார் வடிவேலுவிடம். "மாட்டை வெச்சே உழுதுக்கறேன். ஆனா வேற ஆளை வெச்சு. சாயங்காலத்துக்குள்ள உன் கலப்பையை எடுத்துண்டு போயிடு."

"எல்லாருந்தானே சாமி சிரிச்சாங்க?"

வக்கீல் வேலைக்காரனைக் கூப்பிட்டார். சிரித்த மற்றவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீரும் காபியும் கொண்டுவரச் சொன்னார்.