வால்டர் பேச்சை விட்ட தபசு காலம்

1.

இந்தக் கதைக்கு என் கையிருப்பு ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என்னுடையதில்லை, ஒட்டுக்கேட்டது. ராயபுரம் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து, எல்லோரும் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு இந்த வருசம் தபசுக்குப் பேச்சையே வுட்டுட்டாருக்கா."

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் எங்கள் பக்கம் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். கறி, பீடி, சரக்கு, சினிமா என்று. பேச்சை விட்டவரை நான் பார்த்ததில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கோ ஒரு சந்தேகம். அவர் பேச்சை விட்டாரா, பேச்சு அவரை விட்டதா?

கேட்பதற்குள் அவள் ஆட்டோ ஏறிவிட்டாள். சரி, போகட்டும். அவளுக்கு ஜானட் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். அவருக்கு வால்டர்.

2.

முதல் தொடக்கம்: "வால்டரின் தலையில் அந்த இரும்புக் கம்பி விழுந்தபோது துறைமுகமே

(நிறுத்திவிட்டேன். வால்டர் கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிறவர். அங்கே தலையில் ஹெல்மெட் இல்லாமல் நிற்கவே மாட்டார்.)

இரண்டாவது தொடக்கம்: "வானம் அன்று கறுத்துக்கிடந்தது. கடல்

(வானத்துக்கும் வால்டருக்கும் என்ன சம்பந்தம்?)

மூன்றாவதுதான் நிற்கிறது. தபசு தொடங்கும் சாம்பல் புதனுக்குச் சில வாரம் முன்பு, திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார் வால்டர். பக்கத்தில் அவரோடு வேலை செய்யும் தோஸ்து சாலமன். முன்னால் கண்டெய்னர் லாரி வரிசை. டிரைவர் லாரிக்கும் தடுப்புக்கும் நடுவில் புகுந்து ஒரு பள்ளத்தில் இறக்கினான். வால்டரின் மண்டை கூரைக்கம்பியில் மோதியது.

"டேய் கஸ்மாலம்! ஆட்டோ ஓட்றியா, படகு ஓட்றியா?"

"பெரிசு, பள்ளம் நான் தோண்டல. கெட்டியாப் புட்ச்சினு குந்து."

"மாமு, கம்பி வளஞ்சிருக்கப் போவுது, பாரு," என்றார் சாலமன். ஆட்டோவே சிரித்தது. வால்டரும் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. வீட்டுக்குப் போய் நெத்திலி வறுவல் சாப்பிட்டார். அவ்வளவுதான் விபத்து. இத்தனை சின்ன விபத்தை வைத்துக்கொண்டு ஒரு கதையை எப்படி நகர்த்துவது என்று நானே முழித்தேன்.

3.

வால்டர் கோபக்காரர். முதலில் அவரை வில்லன் மாதிரி எழுதினேன், பிடிக்கவில்லை. கிழித்துவிட்டு இப்படி எழுதுகிறேன்: அவர் கேஸ் சிலிண்டரோடு சண்டை போடுவார், மின்விசிறியோடு சண்டை போடுவார், ஜானட் வாயைத் திறந்தால் "உனக்கு இன்னா தெரியும், சும்மா கெட" என்பார். அதே மனிதர் அவளுக்குச் சளி பிடித்தால் காசிமேட்டுக்குப் போய் உயிரோடு நண்டு வாங்கி வந்து, கையில் கடி வாங்கி, ரசம் வைக்கச் சொல்வார். ரசத்தில் உப்பு இல்லையென்று அதற்கும் ஒரு சண்டை உண்டு.

சாம்பல் புதன் வந்தது. வால்டர் அமைதியானார். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தலை வலிக்கிறது என்றார், நிறையத் தூங்கினார். தபசுக்குச் சரக்கை விட்ட தலைவலி என்று ஜானட் நினைத்துக்கொண்டாள். பேச்சு குறைந்ததற்குத் தெருவே காரணம் கண்டுபிடித்துவிட்டது: வேண்டுதல்.

ஒரு நாள் வலது காலில் செருப்பு இல்லாமல் கடைக்குப் போய்விட்டு வந்தார். செருப்பு கழன்று தெருவில் கிடந்தது அவருக்குத் தெரியவேயில்லை.

சாலமன் அதைக் கையில் எடுத்துவந்தார். "இன்னா நைனா, ஒத்தக் கால்ல மட்டும் வேண்டுதலா? இன்னொரு காலு இந்துவா?"

வால்டர் ஒரு பக்கமாகச் சிரித்தார்.

(இங்கே நீங்கள் என்னைக் கேட்கலாம், இத்தனை பேருக்கும் கண் இல்லையா என்று. கண் இருந்தது. பக்தியாகத்தான் தெரிந்தது. தபசு காலமாக இல்லாமல் இருந்தால் ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்.)

4.

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஜானட் அந்த வாரங்களில் சந்தோஷமாக இருந்தாள்.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி பேசினாள். முதலில் கரண்ட் பில் பற்றி. பிறகு, கல்யாணமான புதிதில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்து அவர் வேண்டாமென்றதைப் பற்றி. "அன்னிக்கு நான் பாத்ரூம்ல போய் அழுதேன், தெரியுமா உனக்கு?" என்றாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு மனிதர் தலையாட்டிக் கேட்பது இத்தனை இனிப்பாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதற்காக அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். நான் நினைக்கவில்லை.

5.

அந்த நிம்மதியில் அவளுக்குக் கிழமை மறந்தது. தபசில் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கறி என்ற சொல்லே கிடையாது. ஒரு தடவை முட்டை தெரியாமல் விழுந்ததற்கே வால்டர் தட்டைத் தூக்கி எறிந்தவர். அன்று அவள் முந்தைய நாள் மாட்டுக்கறிக் குழம்பைச் சூடாக்கிப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் கோயில் மணி கேட்டது. சிலுவைப்பாதைக்கு அடிக்கும் மணி.

ஜானட் கரண்டியோடு நின்றாள். அவர் இடது கையால் கறித்துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். இன்னொன்றும் எடுத்தார்.

"இன்னிக்கு இன்னா கெழம?"

வால்டர் யோசித்தார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"ஐயோ, மாதாவே," என்றாள் ஜானட். "இவரு தபசு காக்கல. இவருக்கு இன்னாமோ ஆயிட்ச்சு!"

6.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். வால்டரைக் கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். இடது கை நின்றது. வலது கை மெல்லத் திரும்பிக் கீழே இறங்கியது. அது இறங்குவது அவருக்குத் தெரியவில்லை.

"சமீபத்துல தலையில அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லம்மா," என்றாள் ஜானட்.

"ஷேர் ஆட்டோ கம்பி இட்ச்சுது," என்றார் சாலமன். "ஆனா அத்த அடின்னு சொல்ல முடியாதும்மா. அது எல்லாருக்கும் டெய்லி இடிக்கறதுதான்."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரா?"

"இதயத்துக்கு ஒண்ணு சாப்புடறாரு," என்றாள் ஜானட்.

டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினாள். படத்தில் மூளையின் இடப்பக்கம், மண்டையோட்டுக்கு உள்ளே, பிறை மாதிரி ஒரு கறை.*

"பழைய ரத்தம். மூளையை அழுத்திட்டிருக்கு. இடப்பக்கம் அழுத்தினா வலது கை, கால், பேச்சு எல்லாம் போகும். சின்னதா துளை போட்டு வடிச்சிடலாம். பெரும்பாலும் நல்லா ஆயிடுவாங்க. சில பேருக்குத் திரும்பவும் சேரும், அதனால கவனமா பாக்கணும்."

"பழைய மாதிரியே ஆயிடுவாரா?"

"அதுக்குத்தானேம்மா பண்றோம்."

ஜானட் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை.

* வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குமாம். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்குமாம். லேசான இடியிலேயே ஒன்று அறுந்து, சொட்டுச் சொட்டாக வாரக்கணக்கில் கசியும். இடித்த அன்று ஒன்றும் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

7.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சு. ஜானட்டும் சாலமனும் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி முடிவு.

முடிவு ஒன்று: வால்டர் கண் திறந்ததும், "இன்னாடி, மூஞ்ச ஏன் இப்டி வெச்சிகினு கீற?" என்று கத்துகிறார், வார்டே கைதட்டுகிறது. (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: உடம்பு தேறி, குணம் மட்டும் சாந்தமாகவே நின்றுவிடுகிறது. (ஜானட்டுக்கு வசதி. ஆனால் அவள் கட்டிக்கொண்டது இந்த வால்டரை இல்லை.)

முடிவு மூன்று: ரத்தம் வடித்த பிறகும் அவர்

(இதை எழுத மாட்டேன். என் விரல் நகராது.)

சாலமன் டீ வாங்கிவந்தார். "அண்ணி, பயப்படாத. நாளைக்கே உன்னத் திட்டப் போறான், பாரு."

ஜானட் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"திட்டட்டும் சாலு. ஆனா முன்ன மாதிரி நான் வாய மூடிக்கினு கெடக்க மாட்டேன். இத்தினி நாளா பேசிப் பேசிப் பழகிட்டேன். எல்லாம் பாதில கீது. அந்த நர்ஸ் படிப்பு கதயே இன்னும் முழுசா சொல்லி முடிக்கல."

"அவன் கேப்பானா?"

"கேக்கணும்."

கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வால்டர் கூட வந்தவங்க யாரு? முழிச்சிட்டாரு. ஒருத்தர் மட்டும் வாங்க."

ஜானட் டீயைச் சாலமனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். ஒருத்தருக்குத்தான் அனுமதி, அதனால் நான் பெஞ்சில் சாலமனோடு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அவள் பின்னாலேயே போங்கள். கட்டில் பக்கத்தில் அவள் நிற்பாள், வால்டர் அவளைப் பார்ப்பார்.

இரண்டு பேரில் யார் முதலில் பேசுகிறார்கள் என்று பார்த்து, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.