சரிவில் ஒரு மேடை

நந்தினி சமையல் வேலை பார்த்த விடுதியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு. கட்டில், மெத்தை, ஏசி என்று வேலையாட்கள் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். மொட்டை மாடியில் கிடந்த ஹாட் டப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. சுற்றிலும் திண்டில் நாலு பேர் உட்காரக்கூடிய, நடுவில் நின்றால் மார்பளவு ஆழமுள்ள வெளிர்நீல ஃபைபர் தொட்டி அது. தண்ணீரைச் சூடாக்கும் எந்திரம் உப்பு அரித்து எப்போதோ செத்துவிட்டது.

"அத நான் எட்த்துக்கினு போவட்டா சார்?" என்று நந்தினி மேனேஜரிடம் கேட்டாள்.

"தாராளமா. அதை வச்சு என்னம்மா பண்ணப்போற?"

"எங்க வூட்டுக்காரரு நிக்கறதுக்கு" என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நந்தினியின் கணவன் லோகநாதன் கடலுக்குப் போகிறவன். பின்வீட்டுக் கோதண்டமும் அவனும் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். போன வருஷம் முகத்துவாரத்தில் திரும்பி வரும்போது படகு மணல் திட்டில் இடித்தது. என்ஜினைப் பிடித்திருந்தது கோதண்டம். முன்னால் நின்றிருந்த லோகநாதன் மல்லாக்க விழுந்தான். நங்கூரக் கம்பியில் இடுப்பு மோதியது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கால் தேறிவிட்டது, இடது காலில் மட்டும் பலம் வரவில்லை.

பொன்னேரியில் பிசியோதெரபி கொடுக்கும் ஜெனிஃபர்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "மார்பு ஆழத் தண்ணியில நின்னா உடம்போட கனம் தெரியாது. தண்ணி வெதுவெதுப்பா இருந்தா இன்னும் நல்லது. தினம் நின்னு பழகினா கால் பிடிச்சுக்கும்." வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் ஏரியில் நிற்கலாமா என்று நந்தினி கேட்டதற்கு, சேற்றில் கால் புதைந்தால் இருக்கிற பலமும் போய்விடும் என்றாள்.

லோகநாதன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் உள்அறைக் கட்டிலிலேயே கிடந்தான். யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வான். கோதண்டம் வரவே இல்லை. அவன் வீடு இவர்கள் வீட்டுக்குப் பின்னால், சரிவுக்குக் கீழே. நடுவில் பழைய வலையால் கட்டிய வேலி ஒன்றுதான். படகை இப்போது வேறு ஆளை வைத்து ஓட்டினான். பங்கு மீனை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பினான்.

தொட்டி குட்டி யானை லோடு வண்டியில் வந்து இறங்கியது. தெருவே கூடி நின்று பார்த்தது. வாசல் வழியாக உள்ளே நுழையாததால், பக்கத்துச் சந்து வழியாகத் தூக்கிப் போய்ப் பின்பக்கம் வைத்தார்கள். வைத்ததும் அது ஏரியைப் பார்த்துச் சறுக்க ஆரம்பித்தது. பூவரச மரத்தோடு கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். கோட்டைக்குப்பத்தில் அந்த வரிசை வீடுகள் எல்லாமே மணல் மேட்டின் மேல் இருப்பவை. வீட்டுச் சுவரைத் தாண்டினால் தரை நேராக இறங்கும்.

மறுநாள் காட்டூரிலிருந்து வின்சென்ட் மேஸ்திரி வந்து பார்த்தார்.

"தண்ணி ரொம்பினா இது ஒரு டன்னுக்கு மேல வரும்க்கா. சாஞ்சு நின்னா தண்ணி மொத்தமும் ஒரு பக்கம் அழுத்தும். ஃபைபர் பொளந்துடும். அதுவுமில்லாம, கால் சரியில்லாத மனுஷன் சாஞ்ச தரையில எப்டி நிப்பாரு? மட்டமா ஒரு மேடை போட்டாதான் ஆவும்."

"போடு மேஸ்திரி. சீக்கிரம் போடு."

அவருக்குக் காட்டூரில் ஒரு வீட்டு வேலை பாதியில் நின்றது. நந்தினிக்கும் அவசரம். மேட்டுப் பக்கம் வெட்டிய மணலைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி, மிதித்து, மேலே ஜல்லி பரப்பிக் கான்கிரீட் போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கான்கிரீட் இறுகுவதற்காக நாலு ஓரமும் களிமண்ணால் சின்னக் கரை கட்டி, மேலே தண்ணீர் தேக்கிவிட்டு வின்சென்ட் போனார்.

காலையில் நந்தினி போய்ப் பார்த்தபோது, ஏரிப் பக்க மூலையில் தண்ணீர் கரை தளும்ப நின்றது. வீட்டுப் பக்கம் ஈரம்கூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் அந்த மூலைக்கே ஓடியது. குனிந்து பார்த்தாள். மேடையின் நடுவில் மயிரிழைபோல ஒரு விரிசல்.

வின்சென்ட் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"மணல் எறங்கிடுச்சுக்கா. புதுசா கொட்ன மணல நம்பி வேலைய முடிச்சிட்டேன். ஒட்சிட்டுத் திரும்பப் போட்டுத் தரேன்."

"திரும்பவும் எறங்கினா?"

"எறங்காத மாதிரி போடணும். பள்ளத்துப் பக்கம் பழைய கெட்டித் தரையில அஸ்திவாரம் எடுத்து ஒரு தடுப்புச் செவுரு. அதுக்குள்ள மணல் போடக்கூடாது. செம்மண் கிராவல கொஞ்சம் கொஞ்சமா கொட்டி, தண்ணி வுட்டு, திமிசுக் கட்டையால குத்தணும்." அவர் எழுந்து வலை வேலி வரைக்கும் போய்க் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். "ஆனா கெட்டித் தரை இந்த வேலிக்கு அந்தாண்டதான் வருது. கோதண்டம் எடத்துல ஒன்ற அடி வேணும்."

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டினா?"

"உங்க வூட்டு அஸ்திவாரம் தெரிஞ்சிடும்."

உள்ளேயிருந்து லோகநாதனின் குரல் வந்தது. "ஒண்ணும் வேணாம். அந்தத் தொட்டிய கொண்டுபோய் ஏரியில போடு. ஊரு சிரிக்குது."

நந்தினி உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள். "நீ வெளிய வந்து பாத்தியா, யாரு சிரிக்கறாங்கன்னு?"

"அவன்கிட்ட போய் நிக்காத நந்தினி."

"நான் எடம்தான் கேக்கப் போறேன். வேற ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

கோதண்டம் வீட்டுக்கு முன்னால் கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். கையில் வலை சிக்கியிருந்ததால் மறுபடியும் உட்கார வேண்டியதாயிற்று.

"கோதண்டம், வேலியாண்ட உன் எடத்துல ஒன்ற அடி வேணும். தொட்டிக்குச் செவுரு எடுக்கணும்."

"எட்த்துக்கோ அண்ணி."

"ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"தண்ணிய மட்டும் கொட்டகப் பக்கம் வுடாதீங்க. தென்னங்கன்னுப் பக்கம் வுடுங்க."

அவள் திரும்பி நாலடி நடந்தாள். பிறகு நின்றாள்.

"நீ ஒரு தபா வந்து பாத்திருக்கலாம்."

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னா மூஞ்ச வெச்சிக்கினு வருவேன் அண்ணி?"

"கீற மூஞ்ச வெச்சிக்கினுதான் வரணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பழைய மேடையை உடைத்து எடுத்தார்கள். அந்தத் துண்டுகளையே தடுப்புச் சுவரின் அஸ்திவாரத்துக்குள் போட்டார் வின்சென்ட். ஹாலோ பிளாக்கில் சுவர் எழுந்தது. மழைத் தண்ணீர் உள்ளே தேங்காமல் வெளியேற, சுவரில் அங்கங்கே குழாய்த் துண்டுகளைச் செருகினார். சுவர் மேடையின் உயரத்துக்கு வந்ததும், நாலு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ட்யூபை எடுத்தார். கண்ணாடிபோல உள்ளே தெரியும் நீளமான ரப்பர் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை ஒருவர் ஒரே இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் மறுமுனையோடு ஒவ்வொரு மூலைக்கும் போவார். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரம்தான் மட்டம். எப்போதும் அவர் மனைவி எலிசபெத் பிடிப்பாள். அன்று அவள் எளாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நந்தினியோ கிராவல் சுமந்துகொண்டிருந்தாள்.

"அசையாம உக்காந்து புடிக்க ஓர் ஆளு இருந்தா போதும்க்கா" என்றார் வின்சென்ட்.

நந்தினி கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"வா. உக்காந்துகினு செய்யற வேலைதான்."

"என்னால ஆவாது."

"கை நல்லாத்தான கீது?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் முட்டி வரைக்கும் செம்மண். நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்ததில் முகத்திலும் செம்மண். அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவளும் வின்சென்டுமாகத் தூக்கி வந்து பின்வாசலில் இறக்கினார்கள். வெயில் பட்டதும் அவன் கண் கூசியது. சற்று நேரம் ஏரியைப் பார்த்தான். பிறகு ட்யூபை வாங்கி வீட்டுச் சுவரில் போட்டிருந்த கோட்டோடு சேர்த்துப் பிடித்தான்.

"ஏத்து மேஸ்திரி... இன்னும் கொஞ்சம்... ஆங், நில்லு. அதுதான்."

முதலில் முனகலாக வந்த குரல் போகப் போகப் பெரிதாயிற்று. மூன்றாவது மூலையில் வின்சென்ட் சீக்கிரம் கோடு போடப் பார்த்தபோது, "தண்ணி இன்னும் ஆடுதுய்யா, இரு!" என்று அதட்டினான்.

பகலில் கோதண்டம் கடலிலிருந்து வந்தான். வேலியோரம் நின்று பார்த்தான். கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு வேலியைத் தாண்டி ஏறி வந்து, சாய்த்து வைத்திருந்த திமிசுக் கட்டையை எடுத்தான். யாரும் அவனை வா என்று சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவானோ என்று நந்தினிக்குப் பயம். அவள் கொட்டினாள், வின்சென்ட் தண்ணீர் விட்டார், அவன் குத்தினான். தரை அதிர்வது பின்வாசல் வரைக்கும் கேட்டது.

லோகநாதன் ட்யூபை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் இறுகிப்போயிருந்தது. கடைசி அடுக்குக் கொட்டியபோது வாயைத் திறந்தான்.

"அந்த மூலைல சரியா குத்தல."

கோதண்டம் கட்டையை நிறுத்தினான். "எந்த மூலணா?"

"ஏரிப் பக்கம்."

கோதண்டம் அந்த மூலைக்குப் போய், கட்டை துள்ளும் வரைக்கும் குத்தினான். அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, மறுபடியும் கரை கட்டித் தண்ணீர் விட்டார்கள். நந்தினி விரலை விட்டு மூலைக்கு மூலை பார்த்தாள். எங்கே விட்டாலும் விரல் ஒரே அளவுக்கு நனைந்தது. வின்சென்ட் சொன்ன நாள்வரை பொறுத்திருந்து, தொட்டியை ஏற்றி, போர்வெல் தண்ணீரால் நிரப்பி, ஒரு முழு நாள் அப்படியே விட்டார்கள். மேடை அசையவில்லை.

தண்ணீரைச் சூடாக்கும் வேலை நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. வெயிலிலேயே தண்ணீர் பாதி சூடாகியிருந்தது. கல்யாண அண்டாவில் சவுக்கு விறகு போட்டுக் கொதிக்க வைத்து, வாளி வாளியாகக் கொண்டுவந்து கலந்தாள். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. லோகநாதனைத் தொட்டி விளிம்புக்கு மேலே தூக்கி உள்ளே விட அவள் ஒருத்தியால் முடியாது. இரண்டு முறை முயன்று பார்த்து, இரண்டு பேரும் மூச்சு வாங்க மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

லோகநாதன்தான் வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "டேய் கோதண்டம்!"

அவன் ஓடி வந்தான். லோகநாதனைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி, தானும் லுங்கியோடு தொட்டிக்குள் இறங்கினான். அக்குளில் கை கொடுத்து மெல்ல நிமிர்த்தினான். லோகநாதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் மார்புக்கு வந்தது. இடது கால் நடுங்குவது தண்ணீரிலேயே தெரிந்தது.

"வுடட்டுமாணா?"

"வுடாத."

கோதண்டம் பிடியை இறுக்கினான்.

"படகு இடிச்சது எனக்கு ஒண்ணுமில்லடா" என்றான் லோகநாதன், அவனைப் பார்க்காமல். "அது நான் புடிச்சிருந்தாலும் இடிச்சிருக்கும், அன்னிக்கு அலை அப்டி. நீ வரல பாரு. தெனம் அந்தக் கதவ பாத்துக்கினு இருந்தேன்."

"வாசல் வரைக்கும் வந்தேன்ணா. ரெண்டு தபா. உள்ள கால் வெக்க முடியல."

"சரி, வுடு."

அவன் பேச்சை விடச் சொல்வதாக நினைத்துக் கோதண்டம் பேசாமல் நின்றான். லோகநாதன் சட்டென்று திரும்பி, "கைய வுடச் சொன்னேன்டா" என்றான். கோதண்டம் கையை எடுத்தான். லோகநாதன் நின்றான். எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நந்தினி வாளியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்ததால் முழுதாகப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கோதண்டம் வந்தான். மழைக்காலம் வந்தபோது சரிவில் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடியது. சுவரில் செருகிய குழாய்கள் எல்லாவற்றிலிருந்தும் பீய்ச்சியடித்தது. மேடை அப்படியே நின்றது. பொங்கலுக்குள் லோகநாதன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தான். இனி கடலுக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கோதண்டத்தின் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து, "அந்த வலைய இப்டித் தள்ளு" என்றான்.

ஒரு நாள், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் அங்காளம்மாள் வாசலில் வந்து நின்றாள். வருஷக்கணக்காகத் தண்ணீரிலேயே முட்டி போட்டு முட்டி வலி அவளுக்கு. அவள் இடுப்பில் ஒரு விறகுக் கட்டு இருந்தது.

"இன்னாமே இது, விறகெல்லாம்?" என்றாள் நந்தினி.

"உன் வூட்டுக்காரரு வெளிய வந்த பெறவு அந்தச் சுடுதண்ணிய சும்மாதான தென்னங்கன்னுக்கு வுட்ற? கொஞ்ச நேரம் நான் உக்காந்துட்டுப் போறேன்."

நந்தினி வாசலை விட்டு விலகி வழிவிட்டாள். அடுத்த வாரம் அங்காளம்மாளோடு இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். தொட்டிக்குள் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, இறால் விலையையும் மருமகள்களையும் பற்றி உரக்கப் பேசினார்கள். அவர்கள் கிளம்பும் வரை லோகநாதன் கொட்டகையிலேயே இருந்து வலை கோத்தான்.