எல்லை கட்டிய நாள்

பொறாமை வந்தால் அன்னபாக்கியத்துக்குத் தலையிடிக்கும். அந்த வருஷம், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு, லெந்து என்ற தவக்காலம் முழுவதும் அவளுக்குத் தலையிடியாகவே இருந்தது.

மாங்குளம் சபையின் ஊழியச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. உபதேசியாராக இருந்த புருஷன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்த பிறகு, வேதப் படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேற்கே உள்ள ஊர்களெல்லாம் அவளே ஏறி இறங்கினாள். பஸ் போகும் இடத்துக்குப் பஸ், வண்டில் போகும் இடத்துக்கு வண்டில், மிச்சத்துக்குக் கால். யானைச் சாணியின் சூட்டைப் பார்த்து வழி விலகத் தெரிந்த ஊழியக்காரி அந்தச் சபையில் வேறொருத்தி கிடையாது.

துணுக்காயில் சபை ஒரு ஊழிய வீடு கட்டி முடித்திருந்தது. மண் சுவர், கிடுகுக் கூரை. அங்கே குடியிருந்து சுற்றுவட்டார ஊர்களை நடத்தப்போவது யார் என்று உயிர்த்த ஞாயிறன்று போதகர் கனகலிங்கம் அறிவிப்பார். அன்னபாக்கியத்துக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. அந்த வீட்டுக் குசினியில் அடுப்பை எந்த மூலையில் போடுவது என்பதைக்கூட மனதுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் இரஞ்சிதம் வந்தாள். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். படித்துவிட்டு மாங்குளத்து மாமன் வீட்டில் தங்கி, ஊழியச் சங்கத்தில் சேர்ந்துகொண்டாள். ஒல்லிக்குச்சி. பாட்டும் சுமார்தான். ஆனால் துணுக்காய்க்குப் பக்கத்து ஊரான நெடுமருதங்குளத்துக்கு முதல் தடவை போன அன்றே, அன்னபாக்கியம் படச்சுருளை விரித்து நோவாவின் பேழையைக் காட்டிக்கொண்டிருக்க, முன்னால் இருந்த சிறுசுகள் ஒவ்வொன்றாக நழுவி வேலிப் பக்கம் போயின. அங்கே இரஞ்சிதம் அவர்களோடு பாலைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் பிசின்.

"ஊழியத்துக்கு வந்தனியோ, பழம் தின்ன வந்தனியோ?" என்று திரும்பும் வழியில் கேட்டாள் அன்னபாக்கியம்.

"ரெண்டுக்கும்தான் அக்கா. நல்ல இனிப்பு. உங்களுக்கும் கொஞ்சம் முடிஞ்சு வைச்சிருக்கிறன், இந்தாங்கோ."

அன்னபாக்கியம் பாதையின் மறுகரைக்கு விலகி நடந்தாள்.

பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அன்னபாக்கியம் வேலிப் படலையில் நின்றால், "உபதேசியம்மா வந்திட்டா, கதிரையைக் கொண்டாங்கோ" என்று ஊர்ப் பெண்கள் ஓடுவார்கள். அதை இத்தனை வருஷமும் மரியாதை என்றே நினைத்திருந்தாள். இரஞ்சிதத்துக்கு யாரும் கதிரை போடவில்லை. "வா பிள்ளை, இந்தத் தேங்காயைத் துருவித் தா" என்றார்கள். நெடுமருதங்குளத்து நாகேஸ்வரி குசினிக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வெளியே கதிரையில் தனியாக இருந்த அன்னபாக்கியத்துக்கு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தலை விண்விண்ணென்று இடித்தது.

பங்குனி நடுவில், மாங்குளம் சந்தியில் நெடுமருதங்குளத்துப் பூசாரியார் சிற்றம்பலம் அவளைக் கண்டு நின்றார்.

"அம்மா, வாற திங்கள் எங்கட ஐயனார் பொங்கலுக்கு எல்லை கட்டப்போறம். கட்டினால் வியாழன் பொங்கி முடியும்வரைக்கும் உள்ளை நிக்கிறவை வெளியிலை போகேலாது. உங்கட ஆக்களை அந்தக் கிழமை முழுக்க வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கோ. பேந்து மனஸ்தாபம் வரக்கூடாது."

"ஓமோம், சொல்லிவிடுறன்" என்றாள்.

சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரஞ்சிதத்தை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ தனிய நெடுமருதங்குளம் போயிட்டு வா. எனக்குத் தலையிடி" என்றாள். தலையிடி மட்டும் உண்மை.

அவள் போட்ட கணக்கு எளியது. பொங்கல் நேரத்தில் வேதக்காரப் பெண் ஊருக்குள் நுழைந்தால் சனம் கொதிக்கும். பூசாரியார் போதகரிடம் முறைப்பாட்டோடு வருவார். முன்பின் விசாரிக்காமல் போன பெண்ணை நம்பித் துணுக்காய் வீட்டை யார் கொடுப்பார்கள்?

திங்கள் பின்னேரப் பஸ்ஸில் இரஞ்சிதம் திரும்பி வரவில்லை.

செவ்வாய் காலை போதகர் பதறிப்போய்விட்டார். தானே போய்ப் பார்ப்பதாகக் கிளம்பியவரை அன்னபாக்கியம் மறித்தாள். "நீங்கள் எதுக்கு ஐயா? எனக்குப் பழகின ஊர்" என்று அவளே போனாள். பூசாரியாரும் போதகரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டால் என்ன வெளிவரும் என்பது அவளுக்குத் தெரியாதா?

ஊர் வாசலில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலை கோத்த கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிற்றம்பலம்.

"நான் உங்களிட்டைச் சொன்னனானல்லோ அம்மா?"

"மறந்துபோனன்." கயிற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

"அவவுக்கென்ன! நாங்கள் கயிறு கட்டேக்கை நாகேஸ்வரி வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவா. விஷயம் தெரிஞ்ச உடனை, 'என்னாலை உங்கட பொங்கலுக்குக் குறை வரவேண்டாம், நிக்கிறன்' எண்டு சொல்லிப்போட்டா. படையல் சோறு தின்னமாட்டா எண்டு நாகேஸ்வரி வேற உலையிலை வைச்சுக் குடுக்கிறாள். விடியப்புறம் எழும்பி முற்றத்திலை முழங்காலிலை நிண்டு தன்ரை செபத்தைச் சொல்லுறா. சின்னனுகள் சுத்திவர இருந்து பாக்குதுகள்."

தூரத்தில், நாகேஸ்வரியின் நூல்சீலையைக் கட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர்க்குடத்தோடு இரஞ்சிதம் வந்தாள். அன்னபாக்கியத்தைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். "அக்கா! வாங்கோ, வாங்கோ!" குடம் தளும்பிற்று. கூட வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"கூட்டிக்கொண்டு போகேலாது," என்றார் சிற்றம்பலம். "ஆனா நீங்கள் உள்ளை வரலாம். வந்தால் வியாழன்வரைக்கும் நிக்கவேணும். பாய் இருக்கு, சோறு இருக்கு. வாறியளே?"

கயிற்றைச் சற்று உயர்த்திப் பிடித்தார். குனிந்து நுழையவேண்டியதுதான் பாக்கி. அன்னபாக்கியம் யோசித்தாள். சபை என்ன சொல்லும்? யார் வீட்டுப் பாயில் படுப்பது? இத்தனை வருஷத்தில் இந்த ஊர்களில் எந்த வீட்டிலும் அவள் ஒரு இரவு தங்கியதில்லை. யாரும் கேட்டதுமில்லை, இன்றுதான் கேட்கிறார்கள்.

"எனக்கு வேலை கிடக்கு," என்று திரும்பி நடந்தாள்.

மாங்குளத்துக்கு வந்து போதகரிடம் ஒரே வரியில் சொன்னாள்: "அவள் ஐயனார் பொங்கலுக்கு நிண்டிட்டாள் ஐயா."

பொய்யில்லை. ஆனால் மறுநாளே சபை முழுவதும் "பொங்கல் தின்ற ஊழியக்காரி" என்று பேச்சு. அன்னபாக்கியம் யாரையும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மாட்டுவண்டில் ஒன்று சபைக் கோவில் வாசலில் வந்து நின்றது. இரஞ்சிதம் இறங்கினாள். பின்னால் சிற்றம்பலமும் நாகேஸ்வரியும். போதகர் எல்லோரையும் தன் வீட்டு விறாந்தையில் இருத்தினார். அன்னபாக்கியம் தூணோடு நின்றாள்.

"ஐயா, நாங்கள் வேதத்திலை சேர வரேல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன்," என்று தொடங்கினார் சிற்றம்பலம். "ஆனா துணுக்காய் வீட்டுக்கு ஆள் போடுறதெண்டால் இந்தப் பிள்ளையைப் போடுங்கோ. எங்கட ஊர்ச் சின்னனுகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கட்டும். எங்கட எல்லைக்குள்ளை நிண்டவள். இனி ஊர்ப்பிள்ளை."

போதகர் இரஞ்சிதத்தைப் பார்த்தார். "எல்லை கட்டுற நாளெண்டு தெரியாமலோ பிள்ளை போனனீர்? சங்கத்துக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையோ?"

சிற்றம்பலம் அன்னபாக்கியத்தை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் இரஞ்சிதம் முந்திக்கொண்டாள்.

"அக்காவுக்குத் தலையிடி ஐயா. மறந்திருப்பா. அவவிலை பிழை இல்லை."

குரலில் குத்தல் இல்லை. முகத்தில் எல்லாம் தெரிந்திருந்தது. இவள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் என்னை மன்னிக்கிறாள்!

அன்னபாக்கியம் தூணை விட்டு முன்னால் வந்தாள். சிறுசுகளைக் கொண்டுபோனாள். குசினிகளைக் கொண்டுபோனாள். வீட்டையும் கொண்டுபோகப் போகிறாள். மன்னிக்கிற புண்ணியமும் இவளுக்குத்தானா? இவள் பெருந்தன்மையின் நிழலில் சாகும்வரை நான் ஒதுங்கி நிற்பதா?

"நான் மறக்கேல்லை," என்றாள் உரக்க.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பூசாரியார் சந்தியிலை சொன்னவர். தெரிஞ்சுதான் அனுப்பினனான். சனம் ஊரை விட்டுக் கலைக்கும், இவளுக்குக் கெட்டபேர் வரும், வீடு எனக்குக் கிடைக்கும் எண்டு நினைச்சனான். படையலையும் இவள் தொடேல்லை. அதுவும் எனக்குத் தெரியும், சொல்லேல்லை. என்னையும் உள்ளை வரச்சொல்லிக் கேட்டவை, நான் போகேல்லை. வீட்டை இவளுக்குக் குடுங்கோ."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயிர்த்த ஞாயிறண்டு இரஞ்சிதத்தின்ரை பேரை வாசிப்பன். உம்மோடை நான் வேறையாக் கதைக்கவேணும், அன்னபாக்கியம்."

"கதையுங்கோ," என்றுவிட்டுப் படியிறங்கினாள்.

வாசலில் வண்டில் மாட்டைத் தாண்டுவதற்குள் இரஞ்சிதம் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "ஏன் அக்கா சொன்னனீங்கள்? நான்தான் சமாளிச்சிட்டனே."

"பொய் சொல்லி நல்ல பேர் எடுக்கப் பாத்தாய். விடுவனோ?"

இரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்னபாக்கியம் சிரிக்கவில்லை. கையை மட்டும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தாள்.

"துணுக்காய்க் குசினியிலை அடுப்பைக் கிழக்கு மூலையிலை போடு," என்றாள் கடைசியில். "மற்றப் பக்கம் போட்டால் சோளகக் காத்துக்குப் புகை உள்ளை அடிக்கும்."