முதல் பாத்தியின் எடை

1

இந்தக் கதை நாற்பத்தொன்று* என்ற எண்ணிலிருந்து பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கேளம்பாக்கத்து உவர் நிலத்தில் நெற்கதிர்கள் காற்றில்...' அடித்துவிட்டேன். நான் அந்தக் கதிர்களைப் பார்த்ததே இல்லை. செங்கல்பட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படிப்பதற்கான எண்களை அட்டையில் துளையிடுவதுதான் என் வேலை.

2

1976. உவர் நிலத்துக்கான புது நெல், எட்டுப் பாத்திகளில் சோதனை. எடைகளைத் துளையிட்டுச் சென்னைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். அங்குள்ள புள்ளியியல் நிரல் மாறுபாட்டுக் கெழுவைக் கணக்கிடும். (திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குவது. பாத்திக்குப் பாத்தி விளைச்சல் எவ்வளவு தாறுமாறு என்று சொல்லும்.) அது இருபதைத் தாண்டினால் சோதனை ரத்து. களப்பணியாளர் மார்கரெட்டின் தற்காலிக வேலையும் அதோடு போகும்.

வந்தது நாற்பத்தொன்று.

3

மார்கரெட்டைப் பொய்க்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் பேசியதை அப்படியே வைக்கிறேன்.

"இன்னா கம்ப்யூட்டரம்மா, உன் மிசின் என் வேலைய தின்னுடுச்சாமே?"

"முதல் பாத்திக்கு எடை எழுதலையேக்கா."

"எட போட்டாத்தானே எழுதுறது? மொத அறுப்பு கோயிலுக்குன்னு பொம்பளைங்க தூக்கினு பூட்டாங்க. அறுப்புப் பண்டிகைக்கு வருசா வருசம் அப்டித்தான். கர்த்தராண்ட போயி தராசு வெக்கவா?"

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாராண்ட சொல்லிடாத. திருட்டும்பாரு."

அவர் எழுதாத இடத்தில் நான் துளையிடவில்லை. துளையில்லாத இடத்தை நிரல் பூஜ்யம் என்று படித்துவிட்டது. கோயிலில் குவிந்து கிடந்த நெல், கணக்கில் விளையவே இல்லை.

4

ஏழு பாத்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி மறுபடி அனுப்பினேன். ஏழு புள்ளி இரண்டு. இந்த எண்ணில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதிகாரி அருணகிரியின் அறைக்குள் போனேன். (கதவுக்கு வெளியே நான் நின்ற நேரத்தைப் பற்றிய பத்தி நீக்கப்பட்டது.)

"எட்டுல ஒண்ணு எங்கம்மா போச்சு? காரணம் இல்லாம எப்படி கையெழுத்து போடறது?"

5

முடிவு அ: 'வேடந்தாங்கல் பறவைகள் தின்றுவிட்டன' என்கிறேன். நம்புகிறார். ஆனால் எந்தப் பறவை வரப்பு பார்த்து ஒரே ஒரு பாத்தியை மட்டும்... வேண்டாம்.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறேன். அவர் சிரித்துக் கையெழுத்திடுகிறார். அல்லது மார்கரெட்டைக் கூப்பிடச் சொல்கி

இங்கே நிறுத்துகிறேன். மார்கரெட் கதவருகே நிற்கிறார். அருணகிரியின் பேனா திறந்திருக்கிறது. நான் தெளிவாகத்தான் பேசினேன்:

"சார், அந்தப் பாத்தி [                    ]"

இந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன். இயந்திரம் இதைப் பூஜ்யம் என்று படிக்கும். நீங்கள் அப்படிப் படிக்க மாட்டீர்கள்.

---
* சரியாகச் சொன்னால் நாற்பத்தொன்று புள்ளி ஒன்று. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கதையில் விடலாம். அறிக்கையில் விட முடியாது.